ஜிம் நண்பரின் ஊசியும் இரண்டாவது குழந்தையும்

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 42. விசைத்தறிப் பட்டறை வைத்திருக்கிறேன். வாரத்தில் மூன்று நாள் ராத்திரி ஷிப்டையும் நானே பார்க்க வேண்டியிருக்கிறது. எடை 96 கிலோ. நான்கு வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ஒரு வருடமாக எதிலும் பிடிப்பில்லை. மதியம் சாப்பிட்டால் கண் சொக்குகிறது. தாம்பத்யத்தில் நாட்டம் குறைந்துவிட்டது. போன மாதம் டெங்கு வந்து எழுந்த பிறகு முழு உடல் பரிசோதனை செய்துகொண்டேன். அதில் டெஸ்டோஸ்டிரோன் 248, குறைவு என்று வந்தது. ஜிம்முக்குப் போகும் நண்பர் ஒருவர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இதற்கு ஊசி போட்டுக்கொள்கிறார். பத்து வயது குறைந்தது போல இருக்கிறதாம். எனக்கும் வாங்கித் தருகிறேன் என்கிறார். இந்த ஊசியின் நன்மைகள் என்ன? நான் போட்டுக்கொள்ளலாமா? மனைவிக்கு 35 வயது. ஒரு மகள் இருக்கிறாள். இன்னொரு குழந்தைக்காக முயன்றுகொண்டிருக்கிறோம்.
– பெயர் வேண்டாம், குமாரபாளையம்

பதில்: முதல் வரியில் எழுதியிருக்க வேண்டியதைக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். குழந்தைக்கு முயன்றுகொண்டிருப்பவர் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்ளக் கூடாது. நண்பர் ஏற்கெனவே வாங்கி வைத்துவிட்டார் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஆண்மைக்குப் போடுகிற ஊசி குழந்தைக்கு எப்படித் தடையாகும் என்று தோன்றும். உங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன். குடோனில் துணி மலையாகக் கிடந்தால் தறியை ஓட்டுவீர்களா? மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியும் இந்தக் கணக்கைத்தான் பார்க்கிறது. ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் நிறைய ஓடுவது தெரிந்தால், விரைகளுக்கு அனுப்பும் ஆர்டரை நிறுத்திவிடும். எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச். என்ற இரண்டு ஹார்மோன்கள்தான் அந்த ஆர்டர். அது நின்றதும் விரைகளின் சொந்த உற்பத்தி படுத்துவிடும். விந்தணு உருவாக விரைக்குள்ளே இருக்க வேண்டிய டெஸ்டோஸ்டிரோன், ரத்தத்தில் ஓடுவதைவிடப் பல மடங்கு அதிகம்; ஊசி அதை ஈடுகட்டாது. ரத்த ரிப்போர்ட்டில் எண் அழகாக ஏறியிருக்கும், விந்து ரிப்போர்ட்டில் பூஜ்யம் வந்திருக்கும்.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடை மருந்தாகவே உலக சுகாதார நிறுவனம் சோதித்துப் பார்த்தது. 1990-இல் வெளியான அந்த ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஆறு மாதத்துக்குள் விந்தணு அறவே இல்லாமல் போனது. ஊசியை நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். சிலருக்குச் சில மாதம், சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேல். உங்கள் மனைவிக்கு 35 வயது என்பதை வைத்து அந்தக் காத்திருப்பைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, நீங்கள் கேட்ட நன்மைகளுக்கு வருகிறேன். உண்மையிலேயே குறைபாடு உள்ளவருக்கு இந்தச் சிகிச்சை பெரிய வரம். பிட்யூட்டரியில் கட்டி வந்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஒருவர் என்னிடம் வந்தார். வயது முப்பதுகளில்தான். வாரத்துக்கு ஒருமுறை சவரம் செய்தால் போதும் என்ற நிலை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரையாகச் சாப்பிட்டுப் பார்த்தும் ஹீமோகுளோபின் ஏறவில்லை. டெஸ்டோஸ்டிரோன் தொடங்கி ஒன்றரை மாதத்தில் மனைவி மேல் நாட்டம் திரும்பியது. மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் ஏறியது. அதற்குப் பிறகு தசையும் கை வலுவும் வந்தன. எலும்பின் அடர்த்தி கூட ஒன்றிரண்டு வருடம் பிடித்தது. "தினமும் சவரம் பண்ண வேண்டியிருக்கு டாக்டர்" என்று ஒருநாள் குறைப்பட்டுக்கொண்டார். அவ்வளவு சந்தோஷமான குறையை நான் கேட்டதில்லை.

பிறவியிலேயே ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக இருப்பவர்கள், பொன்னுக்கு வீங்கி விரைகளைத் தாக்கிச் சுருங்க வைத்தவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் விரைகள் பழுதானவர்கள் எல்லோரும் இந்த வரிசையில் வருவார்கள். இவர்களுக்கு இல்லாத ஒன்றைத் திருப்பித் தருகிறோம், அதனால் பலன் கண்ணுக்குத் தெரிகிறது.

வயதாலோ எடையாலோ கொஞ்சம் இறங்கியவர்களுக்குக் கதை வேறு. 65 வயது தாண்டிய, டெஸ்டோஸ்டிரோன் குறைந்த 790 ஆண்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வின் முடிவுகள் 2016-லும் 2017-லும் வந்தன. நாட்டம் கூடியது, ஆனால் நடுத்தர அளவில்தான். மனம் கொஞ்சம் தெளிந்தது. ரத்தசோகை குறைந்தது. சோர்வு? எதிர்பார்த்தபடி போகவில்லை. ஞாபகசக்தியிலும் மாற்றமில்லை. நீங்கள் முதலில் எழுதியிருப்பதே சோர்வைத்தான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

சர்க்கரைக்கு நல்லதாமே என்று நண்பர் சொல்லியிருக்கலாம். அதற்கும் ஆய்வு இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் வயிறு பெருத்த 1,007 ஆண்களை எடைக்குறைப்புத் திட்டத்தில் சேர்த்து, பாதிப் பேருக்கு மட்டும் டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தார்கள். இரண்டு வருடம் கழித்துச் சர்க்கரை நோய் அளவில் இருந்தவர்கள் ஊசிக்காரர்களில் 12 சதவீதம், மற்றவர்களில் 21 சதவீதம். நல்ல முடிவுதான். ஆனால் அவர்கள் சர்க்கரையின் வாசலில் நின்றவர்கள், அல்லது அப்போதுதான் உள்ளே கால் வைத்தவர்கள். நீங்கள் நான்கு வருடமாக உள்ளே இருக்கிறீர்கள். தவிர, அந்த ஊசிக்காரர்களில் ஐந்தில் ஒருவருக்கும் மேல் ரத்தம் அளவுக்கு மீறிக் கெட்டியானது.

மாரடைப்பு பயம் ஓரளவு தீர்ந்திருக்கிறது. இதய நோயோ அதற்கான ஆபத்தோ உள்ள 5,200 பேரிடம் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், மாரடைப்பும் பக்கவாதமும் டெஸ்டோஸ்டிரோனால் கூடவில்லை; அங்கே கொடுத்தது ஊசி அல்ல, தோலில் தடவும் ஜெல். ஆனால் இதயத் துடிப்பு தாறுமாறாவதும், நுரையீரலில் ரத்தக்கட்டி அடைப்பதும் கூடுதலாக இருந்தன. எலும்பை வலுவாக்கும் என்று நம்பியிருந்தோம், அதே ஆய்வில் எலும்பு முறிவும் கூடுதலாக வந்தது எங்களுக்கே ஆச்சரியம்.

பத்து வயது குறைந்தது போல இருக்கிறது என்ற வாசகம் பழையது. 1889-இல் பாரிஸில் பிரௌன் செக்கார் என்ற 72 வயது மருத்துவர், நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விரைச் சாற்றை ஊசியில் ஏற்றிக்கொண்டு, இளமை திரும்பியது என்று விஞ்ஞானிகள் சபையில் அறிவித்தார். டெஸ்டோஸ்டிரோன் நீரில் அநேகமாகக் கரையாது. அவர் எடுத்த நீர்ச்சாற்றில் பலன் தரும் அளவுக்கு அது இருந்திருக்க வழியில்லை. நம்பிக்கை செய்த வேலை அது. நம் ஊர் சிட்டுக்குருவி லேகியத்தையும் அந்தக் கணக்கிலேயே சேர்க்கலாம். நண்பரின் ஊசியில் மருந்து உண்டு, அதுதான் வித்தியாசம். மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து அது. கடைசியாக எப்போது ஹீமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு; ரத்தம் கெட்டியாவதைக் காட்டும் எண்) பார்த்தீர்கள் என்று அவரிடம் கேளுங்கள். 54 சதவீதம் தாண்டியிருந்தால் உடனே மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் 248. பெரும்பாலான மருத்துவர்கள் 300-க்குக் கீழே போனால்தான் யோசிக்கத் தொடங்குவோம், அதுவும் இரண்டு தனித்தனி நாட்களில், காலை பத்து மணிக்குள், வெறும் வயிற்றில் எடுத்த ரத்தமாக இருந்தால். டெங்கு போன்ற காய்ச்சலில் யாருக்கும் இந்த எண் சரியும். இரண்டு மாதம் கழித்துத் திரும்பப் பாருங்கள். அப்போது எஸ்.ஹெச்.பி.ஜி.யையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். டெஸ்டோஸ்டிரோனைச் சுமந்து செல்லும் புரதம் அது. எடை கூடியவர்களுக்கு அது குறைந்திருக்கும். மொத்த எண் இறங்கித் தெரியும், வேலைக்கு உதவும் பகுதி சரியாகவே இருக்கலாம். எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச்., புரோலாக்டின், தைராய்டு, மூன்று மாதச் சர்க்கரை இவற்றையும் அதே ரத்தத்தில் பார்த்துவிடலாம்.

மனைவியிடம் ஒன்று கேளுங்கள்: நீங்கள் குறட்டை விடுகிறீர்களா, நடுவில் மூச்சு நிற்கிறதா? 96 கிலோ, மதியத் தூக்கம் என்று படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான். தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய்க்குச் சிகிச்சை எடுத்தால் பகல் சோர்வு குறையும். அதை விட்டுவிட்டு டெஸ்டோஸ்டிரோன் போட்டால் அந்த நோய் மோசமாகக்கூடும். எடையில் பத்து கிலோ குறைந்தாலே பலருக்கு இந்த எண் தானாக ஏறுவதைப் பார்த்திருக்கிறேன்.

நாட்டம் குறைந்தது என்று எழுதியிருக்கிறீர்கள்; விறைப்பிலும் தொந்தரவு உண்டா என்று எழுதவில்லை. கூச்சமாக இருந்திருக்கும். இருந்தால் உங்கள் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். சர்க்கரை உள்ளவருக்கு அது பெரும்பாலும் ரத்தக்குழாய், நரம்புப் பிரச்சினை. ஆணுறுப்பின் ரத்தக்குழாய்கள் இதயக் குழாய்களைவிடச் சிறியவை, முதலில் அடைபடும். இ.சி.ஜி.யும் கொழுப்பும் பார்க்க வேண்டிய அறிகுறி அது.

குழந்தை விஷயத்தில் தள்ளிப்போட வேண்டாம். ஆறு மாதமாக முயன்றும் தங்கவில்லை என்றால், 35 வயதில் இருவரும் சேர்ந்து மகப்பேறு மருத்துவரைப் பார்க்கலாம். விந்துப் பரிசோதனையை இந்த வாரமே நீங்கள் செய்யலாம், ஆனால் காய்ச்சலின் பாதிப்பு விந்தணுவில் இரண்டு மூன்று மாதம் தெரியும் என்பதால் எண்ணிக்கை குறைந்திருந்தால் பதறாமல் இன்னொரு முறை பாருங்கள். டெஸ்டோஸ்டிரோன் நிஜமாகவே குறைவு, பிட்யூட்டரியின் ஆர்டர்தான் போதவில்லை என்று தெரிந்தால், ஹெச்.சி.ஜி. ஊசி, குளோமிஃபீன் மாத்திரை என்று விரைகளையே வேலை செய்யவைக்கும் மருந்துகள் உண்டு. ஹார்மோன் மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டியது அது.

மறுபடி ரத்தம் கொடுக்கும் நாளுக்கு முந்தைய இரவு பட்டறையை வேறு யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு வீட்டில் தூங்குங்கள். ராத்திரி ஷிப்ட் முடித்துக் காலையில் நேராக லேபுக்குப் போனால் எண் மறுபடியும் குறைவாக வரக்கூடும்.