கட்டிய வெட்டி அனுப்பியாச்சு, மறுபடியும் எதுக்கு இன்னொரு ஸ்டெயின்?

கேள்வி: டாக்டர், எங்க லேப்ரடாருக்கு 8 வயசு. பின்னங்கால்ல நெல்லிக்காய் சைஸ்ல ஒரு கட்டி, ஒருநாள் வீங்கி நிக்கும் மறுநாள் வத்திப்போன மாதிரி இருக்கும். ஆபரேஷன் பண்ணி எடுத்து லேபுக்கு அனுப்பினா 'ரவுண்ட் செல் ட்யூமர், டொலுயிடின் ப்ளூ போட்டு பாக்கணும்'னு ரிப்போர்ட் வருது. திரும்பவும் கத்தி வைக்கணுமா? இல்ல காசு பிடுங்குற வேலையா?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: ரெண்டும் இல்லங்க, பயப்படாதீங்க. நீங்க குடுத்த சதைய லேப்ல மெழுகுல பதிச்சு பிளாக்கா வச்சிருப்பாங்க, அதுலேர்ந்தே இன்னொரு மெல்லிசு சீவல் எடுத்து வேற சாயம் போடுவாங்க, அவ்ளோதான்.

எல்லா சதைக்கும் முதல்ல போடுறது ஹெச் அண்ட் ஈங்கிற சாயம். நியூக்ளியஸ் நீலமாவும் மத்ததெல்லாம் ரோஸாவும் தெரியும். ஆனா இந்த ரவுண்ட் செல் குடும்பம் இருக்கே, மாஸ்ட் செல் (அலர்ஜி வரும்போது வேலை செய்யுற நோய் எதிர்ப்பு செல்), லிம்போமா, பிளாஸ்மா செல், ஹிஸ்டியோசைட்டோமான்னு எல்லாம் உருண்டை உருண்டையா அண்ணன் தம்பி மாதிரியே இருக்கும், சில சமயம் பழகின கண்ணுக்கே குழம்பும். நீங்க சொன்ன 'வீங்குது வத்துது' தான் எனக்கு சந்தேகத்த கிளப்புது, மாஸ்ட் செல் கட்டி அப்படித்தான் பண்ணும், அந்த செல்லுக்குள்ள இருக்குற குட்டிக் குட்டி மணிகள்லேர்ந்து ஹிஸ்டமின்ங்கிற ரசாயனம் கொட்டினா சுத்தி வீங்கிடும்.

டொலுயிடின் ப்ளூ பேருக்கேத்த மாதிரி நீலம்தான், ஆனா அந்த மணிகள்ல இருக்குற ஹெப்பாரின்ங்கிற பொருள்ல ஒட்டினா ஊதாவா மாறிடும். சுத்தி எல்லாம் நீலம், மாஸ்ட் செல் மட்டும் ஊதா, பாக்கவே அழகா இருக்கும் (நோய் விஷயத்துல அழகுன்னு சொல்லக்கூடாது, என்ன பண்றது). இந்த நிறம் மாறுற வித்தைய வச்சுத்தான் பால் எர்லிக் 1878-ல தன்னோட ஆராய்ச்சிக் கட்டுரைல இந்த செல்லுக்கு பேரே வச்சாரு, மணி நிறைய இருந்ததால நல்லா தின்னு கொழுத்த செல்லுன்னு நெனச்சுட்டாரு, ஜெர்மன்ல 'மாஸ்ட்'னா கொழுக்க வைக்கிற தீனி.

ஒரு சிக்கல் இருக்கு. ரொம்ப மோசமான கட்டில மணியே அதிகம் இருக்காது, ஊதா தெரியலன்னா மாஸ்ட் செல் இல்லன்னு முடிவு கட்டிட முடியாது. அப்போதான் இம்யூனோ ஸ்டெயின், கிட் (சிடி117) புரோட்டீன தேடிப் புடிக்கிற ஆன்டிபாடி போடுவாங்க, இருந்தா பெரும்பாலும் பிரவுனா தெரியும்.

மாஸ்ட் செல்தான்னு வந்தா ஹை கிரேடா (மோசமான ரகம்) லோ கிரேடா (சாதுவான ரகம்), ஓரம் கிளீனா (வெட்டின ஓரத்துல கட்டி செல் இல்லாம) இருக்கான்னு ரெண்டும் ரிப்போர்ட்ல இருக்கான்னு கேளுங்க. உடம்புல வேற கட்டி தென்பட்டா பிசையாதீங்க, ஹிஸ்டமின் கொட்டி வீங்கிடும். இம்யூனோவுக்கு காசு கூடத்தான் ஆகும், அதனால முதல்ல டொலுயிடின் ப்ளூ ரிசல்ட் வரட்டும், அது தெளிவா இருந்தா என்ன கட்டின்னு கண்டுபிடிக்க அதுக்கு மேல செலவு பண்ண வேண்டியிருக்காது.