வேகத்தடை தாண்டி இறங்கும்போது பின்னால் 'டங்' சத்தம்

பின் ஆக்சில் சேஸிஸின் மேல்பக்கத்தில் இடிக்கிறது. ஸ்பிரிங்கில் கோளாறு இல்லை. உங்கள் ஃபோர்டு மாடல் ஏ ஹாட் ராடில் (மாற்றியமைத்த பழைய கார்) சேஸிஸ் ஆக்சிலுக்கு அடியில் போவதால் எல்லாம் தலைகீழ்: சக்கரம் மேலே எழும்ப இடம் தாராளம், கீழே தொங்கும்போதுதான் முட்டும். மேலே இருக்கும் பம்ப் ஸ்டாப்பை (இடியைத் தாங்கும் ரப்பர்) நீங்கள் மாற்றியும் சத்தம் நிற்காதது அதனால்தான்.

பெரும்பாலும் ஷாக் அப்சார்பரின் நீளம் அதிகமாக இருக்கும். சேஸிஸை ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரங்களைத் தொங்கவிட்டுப் பாருங்கள். ஷாக் முழுதாக நீளும் முன்பே ஆக்சில் சேஸிஸைத் தொட்டால் சந்தேகமே வேண்டாம். குட்டை ஷாக் போடுங்கள், இல்லையென்றால் இருபக்கமும் லிமிட் ஸ்ட்ராப் (ஆக்சில் அளவுக்கு மேல் கீழே இறங்காமல் பிடிக்கும் பட்டை). தொடும் இடத்தில் ஒரு ரப்பரும் வையுங்கள்.

அப்புறம், இதைவிட முக்கியமான ஒன்று. டயரில் காற்று போனாலும் சேஸிஸ் தரையில் உரசக்கூடாது. ரிம்மின் அடிவிளிம்பைவிடத் தாழ்வாக எதுவும் தொங்கவே கூடாது. இதேபோல் சேஸிஸ் ஆக்சிலுக்கு அடியில் இருந்த, அந்தக் காலத்து அமெரிக்கன் அண்டர்ஸ்லங் கார்களுக்கு 40 அங்குலச் சக்கரம் இருந்தது, தப்பித்தார்கள். உங்களுடையது அவ்வளவு பெரிதல்ல.

உயரம் போதவில்லை என்றால், சேஸிஸை ஆக்சிலுக்கு மேலே வளைத்துக் கொண்டுபோவதே நல்லது. பின்னால் கொஞ்சம் இடம் போகும், போகட்டும்.