சிங்கப்பூர் – நியூயார்க்: அம்மாவின் பயணம் உண்மையில் எத்தனை மணி நேரம்?

கேள்வி: 68 வயதான என் அம்மா ஜூன் மாதம் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்கில் இருக்கும் தம்பி வீட்டுக்குத் தனியாகப் போகிறார். நேரடி விமானம். டிக்கெட்டில் இரவு 11.50-க்குப் புறப்பாடு, மறுநாள் காலை 6.30-க்கு வருகை என்று இருக்கிறது. அவ்வளவு தூரத்தை ஏழு மணி நேரத்துக்குள் கடக்க முடியுமா?

பதில்: முடியாது. ஆனால் டிக்கெட்டில் தவறும் இல்லை. புறப்படும் நேரத்தைச் சிங்கப்பூர்க் கடிகாரப்படியும், இறங்கும் நேரத்தை நியூயார்க் கடிகாரப்படியும் போடுவார்கள். ஜூனில் நியூயார்க் 12 மணி நேரம் பின்னால் இருக்கும். டிக்கெட்டில் தெரியும் 6 மணி 40 நிமிடத்தோடு அதைக் கூட்டுங்கள்: 18 மணி 40 நிமிடம். குளிர்காலம் என்றால் 13-ஐக் கூட்ட வேண்டும்.

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கு நேர்த்தூரம் சுமார் 15,350 கி.மீ. வீட்டில் உலக உருண்டை இருந்தால் இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள், வட துருவத்தை ஒட்டிப் போகும். விமானம் பெரும்பாலும் அந்த நூல் வழியே போவதில்லை. ஜப்பான் பக்கமாக ஏறி வட பசிபிக்கைக் கடக்கும். அங்கே உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் பலத்த காற்று பின்னாலிருந்து தள்ளும். தூரம் கூடினாலும் நேரமும் எரிபொருளும் மிச்சம். திரும்பி வரும்போது பல நாள் அட்லாண்டிக், ஐரோப்பா வழியாக வருவதும் இதே காற்றுக்காகத்தான். அதனால் கிலோமீட்டரை வேகத்தால் வகுத்துக் கணக்குப் போடாதீர்கள். டிக்கெட்டில் உள்ள நேரத்தையே நம்புங்கள்.

இந்தத் தடத்தில் பறக்கும் ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர் (மிக நீண்ட தூரம் பறப்பதற்கான வகை) விமானத்தில் சாதாரண எகானமி இருக்கை கிடையாது, கட்டணம் அதிகம்தான். ஃபிராங்க்ஃபர்ட்டில் நின்று போகும் விமானம் மலிவாகக் கிடைக்கலாம். ஆனாலும் தனியாகப் போகும் அம்மாவுக்கு நேரடி விமானமே நல்லது என்பேன். நடுவில் இறங்கி ஏறும் அலைச்சல் இல்லை.

சரி, வீட்டுக்கு வீடு எவ்வளவு ஆகும்? மூன்று மணி நேரம் முன்னதாகப் போவது, அங்கே குடிநுழைவு வரிசை, பெட்டி, கார் எல்லாம் சேர்த்து 24 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலி வேண்டுமென்று இப்போதே பதிவு செய்துவிடுங்கள். நடைபாதை ஓர இருக்கை கேளுங்கள். விழித்திருக்கும்போது இரண்டு மணிக்கொரு முறை எழுந்து நடந்தால் கால் வீக்கம் குறையும்.

அப்புறம் மாத்திரை. அங்கே இரவு பகல் தலைகீழ். பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை எந்தக் கடிகாரப்படி போடுவது என்று டாக்டரிடம் கேட்டு, சிங்கப்பூர் நேரம், நியூயார்க் நேரம் இரண்டையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, மாத்திரையோடு கைப்பையில் வைத்து அனுப்புங்கள்.