கூரைக்கு ஏறும் வாயும் அதன் வேலியும்: கேள்வி பதில்

(பதிலளிப்பவர் தேயிலைத் தொழிற்சாலைகளில் கட்டடப் பராமரிப்பை மேற்பார்வை செய்து ஓய்வுபெற்றவர்.)

ஹட்டன், வீட்டு உரிமையாளர்: ஐயா, எங்கள் சிலாப்பின் மேல் தண்ணீர்த் தாங்கி இருக்கிறது. ஏறிச் செல்ல இரண்டரை அடிச் சதுரத்தில் வாய் விட்டு, இரும்பு மூடியும் போட்டிருக்கிறோம். மூடி இருக்கும்போது வேலியும் அவசியமா?

அவசியம். மூடி மழையிலிருந்து வீட்டைக் காக்கிறது. மேலே நிற்கும் ஆளைக் காப்பதில்லை, ஏனெனில் அவர் மேலே இருக்கும் நேரம் முழுவதும் அது திறந்தே கிடக்கிறது. தாங்கியின் மிதவையைப் பார்த்துவிட்டு இரண்டடி பின்வாங்கும்போதுதான் ஆள் விழுகிறார். ஆகவே வாயின் மூன்று பக்கமும் நிலையான வேலியும், ஏறி வரும் நான்காவது பக்கத்தில் தானாகச் சாத்திக்கொள்ளும் கதவும் வேண்டும். அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதிகள் மேற்கம்பிக்கு 42 அங்குல உயரம் (சுமார் 107 சென்ரிமீற்றர்) கேட்கின்றன. 3 அங்குலம் கூடலாம், குறையலாம். நடுவில் இன்னொரு கம்பி வேண்டும். மேற்கம்பி 200 இறாத்தல் விசையையாவது தாங்க வேண்டும் என்பதை வெல்டிங் செய்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அழகுக்கு வைத்த மெல்லிய பைப், சாய்ந்தவரோடு சேர்ந்தே கீழே போகும். நம் நாட்டில் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தொழிற்சாலைகளைத்தான் கட்டுப்படுத்துகிறது. வீட்டுக்கு அது பொருந்தாது என்பதற்காக விழும் உயரம் குறைந்துவிடாது.

தலவாக்கலை, மேசன்: வேலிக்காகச் சிலாப்பில் துளையிட்டால் ஒழுகாதா?

ஒழுகும். வாயைச் சுற்றி நீர் இறங்காதபடி கட்டிய கொங்கிறீற் வரம்பின் பக்கச் சுவரில் போல்ற் போட்டுத் தூண்களை நிறுத்துங்கள். வரம்பு செங்கல்லால் கட்டியதென்றால் இதைச் செய்யாதீர்கள்; கல்லோடு பெயர்ந்து வரும்.

நானுஓயா: சாய்த்து வைக்கும் ஏணியை எந்தச் சரிவில் வைப்பது?

ஏணி சாயும் உயரம் 12 அடியென்றால் அதன் கால் சுவரிலிருந்து 3 அடி தள்ளி நிற்க வேண்டும். அதாவது நான்குக்கு ஒன்று. மேல்முனை தளத்துக்கு மேலே 3 அடியாவது நீண்டிருக்கட்டும். இறங்கத் திரும்புகிறவருக்குப் பிடிக்க ஏதாவது வேண்டுமல்லவா? மேல்முனையைக் கயிற்றால் கட்டுவதும் கட்டாயம்.

பதுளை: சுவரோடு நிரந்தரமாகப் பொருத்திய ஏணியில் பாதி பாதம்தான் பதிகிறது. ஏன்?

படிக்கும் சுவருக்கும் இடையே 7 அங்குலம் விடாததால். படிகள் சம இடைவெளியில், 10 முதல் 14 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இந்த ஏணி சிலாப் மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. அதன் இரு பக்கச் சட்டங்களையும் வாய்க்கு மேலே 42 அங்குலம் வரை உயர்த்திவிடுங்கள்.

மாத்தளை: எங்கள் வாய் அஸ்பெஸ்டஸ் கூரையில் திறக்கிறது. ஆணி இருக்கும் வரிசையில் நடந்தால் போதும்தானே?

போதாது. பழைய அஸ்பெஸ்டஸ் ஷீற்றும், வெளிச்சத்துக்காக இடையில் போடும் பிளாஸ்ரிக் ஷீற்றும் ஆள் பாரத்தைத் தாங்கும் என்று ஒருபோதும் நம்பக்கூடாது. மழைக்காலத்துப் பாசி படர்ந்தபின் எது பிளாஸ்ரிக், எது தகரம் என்பதே மேலிருந்து தெரியாது. கைமரங்களுக்குக் குறுக்கே நடைபலகை போட்டு, அதன்மேல் மட்டும் நடவுங்கள்.

பொகவந்தலாவை, தொழிற்சாலை ஃபிட்டர்: ஐயா, கதவெல்லாம் வீண் செலவு. எங்கள் கொழுந்து வாட்டும் மாடியின் மேல் வாயில் சங்கிலிதான் போட்டிருக்கிறோம். ஒரு குறையும் வந்ததில்லை.

தம்பி, சங்கிலியைக் கொக்கியில் மாட்ட ஒரு கை வேண்டும். ஏறி வருபவரின் இரண்டு கைகளும் ஏணியில் இருக்கின்றன. ஆகவே அவர் மேலே வந்து, திரும்பி, திறந்த வாயின் விளிம்பில் குனிந்துதான் அதை மாட்ட முடியும். விழாமல் இருப்பதற்கான வேலையை விழும் இடத்தில் நின்றே செய்யச் சொல்கிறீர்கள். அதனால் யாரும் மாட்டுவதில்லை. உங்கள் சங்கிலி இப்போது எந்தப் பக்கம் தொங்குகிறதென்று ஏறிப் பாருங்கள்.

மஸ்கெலியா: ஃபிட்டர் சொல்வதில் நியாயம் உண்டு. எங்கள் மூடுபனியில் ஸ்பிரிங் பிணைச்சல் துருப்பிடித்து, கதவு பாதியில் நின்றுவிடுகிறது. சாத்தாத கதவைவிடச் சங்கிலி மேலல்லவா?

இது நல்ல எதிர்வாதம். ஆனால் கதவு சாத்துவதற்கு ஸ்பிரிங்தான் வேண்டுமென்பதில்லை. திறக்கும்போது கதவு சற்றே மேலெழும்படி பிணைச்சலின் அச்சைச் சாய்த்துப் பொருத்தினால், அது தன் பாரத்தாலேயே திரும்பி வந்து சாத்திக்கொள்ளும். வாயின் பக்கம் போகாமல் தடுக்க ஒரு நிறுத்துகட்டையும், பிணைச்சலுக்குக் கிரீஸும் போதும். கதவு கூரையின் பக்கமாக மட்டுமே திறக்க வேண்டும். அப்போது ஏறி வருபவர் தள்ளினால் வழிவிடும். கூரையிலிருந்து தெரியாமல் சாய்பவருக்கு வழிவிடாது. சங்கிலியோ தொய்ந்து கொடுக்கும்.

கதவே வேண்டாமென்றால், அதே அமெரிக்க விதி வேறொரு வழியையும் ஏற்கிறது. வேலியின் திறப்பை வாய்க்கு நேரே விடாமல் பக்கவாட்டில் விலக்கி, ஒரு திருப்பம் திரும்பித்தான் வாயை அடைய முடியும் என்று அமைக்கலாம். நேராக நடந்து வருபவர் கம்பியில்தான் மோதுவார். அசையும் பாகம் எதுவுமில்லாததால் பனிப் பிரதேசத்துக்கு நான் இதையே விரும்புவேன், இடமிருந்தால்.

பொகவந்தலாவை, மீண்டும்: எங்கள் ஆட்கள் பழகியவர்கள், ஐயா.

புதிதாக ஏறுபவன் பயந்து, பார்த்துப் பார்த்துக் கால் வைப்பான். பழகியவன்தான் பேசிக்கொண்டே பின்னால் நடப்பான். சங்கிலியைப் பற்றி இதற்குமேல் எழுதமாட்டேன்.

பண்டாரவளை: ஏணியின் சரிவு எவ்வளவு?

நானுஓயாக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

நுவரெலியா: மர ஏணிக்குப் பெயின்ற் அடிக்கலாமா?

வேண்டாம். வெடிப்பு மறைந்துவிடும்.

இராகலை: அலுமினிய ஏணியை எந்தச் சரிவில் வைப்பது? மேலே மின்கம்பியும் போகிறது.

சரிவு எந்த ஏணிக்கும் ஒன்றுதான். மூன்றாவது முறை சொல்கிறேன். மின்கம்பிக்கு அருகே அலுமினிய ஏணியைக் கொண்டுபோகவே கூடாது. கம்பியை நகர்த்துவது பற்றி மின்சார அலுவலகத்திடம் கேளுங்கள், அது என் துறையல்ல.

கண்டி: கூரையில் வேலை செய்யும்போது ஸ்பனர் உருண்டு வாய் வழியாகக் கீழே விழுகிறது. கீழே பிள்ளைகள் இருக்கிறார்கள்.

வேலியின் அடியில், வாயைச் சுற்றி, மூன்றரை அங்குல உயரத்துக்குக் குறையாமல் பலகையோ தகட்டுப் பட்டையோ பொருத்துங்கள். சாமான்களைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறாமல், மேலே சென்றபின் வாளியில் கட்டி இழுத்துக்கொள்ளுங்கள். ஆள் இறங்கும்வரை ஏணியின் கீழே பிள்ளைகள் வராதபடி ஒருவர் நிற்கட்டும். உங்கள் கூரையிலும் பிளாஸ்ரிக் ஷீற் இருந்தால், மாத்தளைக்குச் சொன்னது உங்களுக்கும்தான்.