ஞாயிற்றுக்கிழமை மலை ஏறினால் தப்பா?

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் சேலம் சிவதாபுரம். அப்பா கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். கல்விக் கடன் வாங்கி, ஜெர்மனியில் ஃபிரைபர்க் நகரில் எம்.எஸ். படிக்கிறேன். இந்த செமஸ்டரில் 30 கிரெடிட். கூடப் படிப்பவர்கள் ஞாயிறு ஆனால் மலையேறக் கூப்பிடுகிறார்கள். போகாமல் அறையில் இருந்தாலும் படிப்பு ஓடுவதில்லை. ஒரு தடவை போனேன், வழியெல்லாம் அப்பா முகம்தான் கண்ணில் நின்றது. என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கண்ணு, நானும் சேலத்துக்காரிதான். உனக்கு என் மகள் வயது, அதனால் ‘நீ’ என்றே எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். ஜெர்மனியில் ஒரு கிரெடிட்டுக்கு அதிகபட்சம் 30 மணி நேர உழைப்பு என்று வைத்திருக்கிறார்கள். வகுப்பு, லேப், நீயாகப் படிப்பது, தேர்வு எல்லாம் அதற்குள் அடக்கம். 30 கிரெடிட்டுக்கு 900 மணி. தேர்வு முடிவதற்குள் 20 வாரம்தான் கையில் இருக்கிறது என்று வைத்தாலும் வாரம் 45 மணி. கஷ்டம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆறு நாளில் பிரித்தால் நாளைக்கு ஏழரை மணி. ஞாயிறு மிஞ்சுகிறது.

அப்பாவின் பட்டறையை நினைத்துப் பார். வெள்ளியை எடை போட்டு வாங்குவார்கள், கொலுசை எடை போட்டுக் கொடுப்பார்கள். ராவும்போதும் மெருகு போடும்போதும் போகிற சேதாரத்துக்கும் கணக்கு உண்டு. தரையைக் கூட்டிய தூசியைக்கூடச் சேர்த்து வைப்பார்கள், அதிலும் வெள்ளி இருக்கும் என்று. நீ உன் நேரத்தை எடை போடவே இல்லை. அதனால்தான் மலைக்குப் போன நாலு மணி நேரம் திருட்டு மாதிரி தெரிகிறது. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு போனைத் தள்ளிக்கொண்டிருந்த நாலு மணி நேரம் கண்ணிலேயே படவில்லை. ஒரு வாரம் மட்டும் நோட்டில் எழுது, நிஜமாகப் படித்த நேரத்தை மட்டும். சனி ராத்திரி கூட்டும்போது 45 வந்திருந்தால் ஞாயிறு உன்னுடையது. குறைந்தால் காலையில் மிச்சத்தை முடித்துவிட்டு மதியம் கிளம்பு.

தேர்வுக்கு முந்தைய நாலைந்து வாரம் மட்டும் கறாராக இரு. நம் ஊர் அரியர் மாதிரி அங்கே எழுதிக்கொண்டே இருக்க முடியாது. பல பல்கலைக்கழகங்களில் ஒரு தாளுக்கு மூன்று வாய்ப்புதான். மூன்றாவதும் போனால் அந்தப் படிப்பையே விட வேண்டி வரலாம். உன் பல்கலைக்கழகத்தின் தேர்வு விதியை இன்றைக்கே படித்துவிடு. அந்த வாரங்களில் யார் கூப்பிட்டாலும் வரவில்லை என்று சொல். உன் நண்பர்களுக்கும் அதே தேர்வுதானே, புரிந்துகொள்வார்கள்.

மற்ற ஞாயிறுகளில் போ. ஃபிரைபர்க்கும் நம் சேலம் மாதிரி மலையடிவார ஊர்தான். பக்கத்தில் கருங்காட்டு மலை. அதன் உச்சியான ஃபெல்ட்பெர்க் 1,493 மீட்டர், நம் ஏற்காட்டின் உயரத்தை ஒட்டி வரும். டிசம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை கடைகளும் அடைத்திருக்கும். அந்த இருட்டில் தனியாக அறைக்குள் அடைந்து கிடப்பது மனசுக்கு நல்லதில்லை. இன்னொன்று, வகுப்பில் இங்கிலீஷ், அறையில் தமிழ் என்று இருந்தால் ஜெர்மன் எங்கே பேசுவாய்? படிப்பு முடிந்தபின் வேலை தேட 18 மாதம் தங்க அனுமதி உண்டு. வழியில் பேசிப் பழகிய பாஷை அப்போது கைகொடுக்கும். அப்படி ஒரு லாபம் இல்லாவிட்டாலும் போ என்றுதான் சொல்வேன்.

நான் சேலத்தில் கல்லூரி படித்த மூன்று வருஷமும் ஏற்காட்டு மலையை மொட்டை மாடியிலிருந்து பார்த்ததோடு சரி. பரீட்சை முடியட்டும், முடியட்டும் என்றே போய்விட்டது. கல்யாணத்துக்கு அப்புறம்தான் ஒரு ராத்திரி லேடீஸ் சீட்டில் நின்று கீழே சேலத்து விளக்குகளைப் பார்த்தேன். எங்கள் தெரு எந்தப் பக்கம் என்று தேடினேன். காட்டிச் சொல்ல, கூடப் படித்தவள் ஒருத்திகூடப் பக்கத்தில் இல்லை. இன்றைக்கும் அது எனக்கு வருத்தம்தான்.

அப்பாவிடம் மறைக்காதே. நோட்டில் இருக்கும் கணக்கை அவரிடமும் சொல், எடைக்கணக்கு அவருக்குப் பழக்கம்தான். அடுத்த தடவை உச்சியிலிருந்தே வீடியோ கால் போட்டு, “ஏற்காடு உசரம்தாம்ப்பா இது” என்று காட்டு. அப்புறம், கையில் இருக்கும் சாதாரண ஷூவோடு பனியில் ஏறாதே, வழுக்கும். பழைய சாமான் விற்கும் சந்தையில் மலையேறும் பூட்ஸ் கிடைக்கிறதா பார். கனமான காலுறை போட்டுக்கொண்டு, அளவு சரியாக இருக்கிறதா என்று போட்டுப் பார்த்து வாங்கு.