தூசிக்குள் மறைந்த கருந்துளைகள்: கேள்வி பதில்

அகச்சிவப்பில் பளிச்சென்று தெரியும் விண்மீன் மண்டலங்களுக்குள் கருந்துளை மறைந்திருக்கிறதா என்று எக்ஸ் கதிரை வைத்து எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? இதைப் பற்றி நீங்கள் கேட்டவையும் என் பதில்களும் இங்கே.

சார், ஒரு விண்மீன் மண்டலம் அகச்சிவப்பில் மட்டும் ஏன் இவ்வளவு பிரகாசமாக இருக்கிறது?

தூசிதான் காரணம். வாயு நிறைந்த இரண்டு மண்டலங்கள் மோதினால் வாயுவும் தூசியும் நடுப்பகுதியில் வந்து குவியும். அங்கே நட்சத்திரங்கள் மளமளவென்று பிறக்கும். அவற்றின் புற ஊதா ஒளியைத் தூசி விழுங்கிச் சூடாகி, அகச்சிவப்பாக வெளியே விடும். 1983-ல் ஐராஸ் என்ற செயற்கைக்கோள் வானத்தை அகச்சிவப்பில் அலசியபோது இப்படிப்பட்டவை ஏராளமாகச் சிக்கின. சூரியனைப் போல லட்சம் கோடி மடங்குக்கு மேல் ஒளிர்பவையும் அதில் உண்டு.

நட்சத்திரங்களே போதுமே, கருந்துளையை ஏன் சந்தேகிக்க வேண்டும்?

நியாயமான கேள்வி. பல இடங்களில் பெரும்பங்கு நட்சத்திரங்களுடையதுதான். ஆனால் வாயுவை விழுங்கும் பெரிய கருந்துளையும் அதே தூசியைச் சூடாக்கும். சூடான தூசியை மட்டும் பார்த்து இரண்டையும் பிரிப்பது கடினம். வலுவான, உயர் ஆற்றல் எக்ஸ் கதிர் வந்தால் கருந்துளை என்று நம்பிச் சொல்லலாம்.

எக்ஸ் கதிர் எதையும் ஊடுருவுமே அண்ணா. அப்புறம் என்ன சிரமம்?

எல்லா எக்ஸ் கதிரும் ஊடுருவாது. மருத்துவமனையில் எடுக்கும் எக்ஸ்ரே பல பத்து கிலோ எலக்ட்ரான் வோல்ட் (கதிரின் ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றல் கொண்டது, அதனால் உடம்பைத் தாண்டிப் போகிறது. 2 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிர் தோலோடு நின்றுவிடும். இங்கேயும் அதே கதைதான். கருந்துளையிலிருந்து நம்மிடம் வரும் வழியில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.5 கிராம் ஹைட்ரஜன் இருந்தால், அதை 'காம்ப்டன் தடிமன்' என்கிறோம். இரண்டரை சென்டிமீட்டர் தண்ணீரின் கனம்தான்! ஆனாலும் 10 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே நேராக வரும் கதிர் அநேகமாக எதுவும் தப்பாது.

அப்படியானால் முழுக்க மூடிய கருந்துளையை எப்படிப் பிடிப்பது?

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. நேர்க்கதிர் வராவிட்டாலும், சுற்றியுள்ள வாயுவில் பட்டுத் திரும்பும் கதிர் வரும். அந்த வாயுவில் உள்ள இரும்பு அணுக்கள் சரியாக 6.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் கதிரை உமிழும். கதிரை ஆற்றல்வாரியாகப் பிரித்துப் பார்த்தால் அது ஒரு கோடாகத் தெரியும். மற்ற கதிர்கள் மங்கியிருப்பதால் அந்தக் கோடு துருத்திக்கொண்டு தெரியும்.

என்ஜிசி 6240-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மோதிக்கொண்டிருக்கும் மண்டலம் அது. உள்ளே கருந்துளை இருப்பது முன்பே தெரியும். எங்கே, எத்தனை என்பதுதான் தெரியாது. சந்திரா என்ற எக்ஸ் கதிர் விண்வெளித் தொலைநோக்கி கூர்மையாகப் படம் எடுத்தபோது நடுவில் இரண்டு புள்ளிகள். இரண்டிலுமே அந்த இரும்புக் கோடு! 2002-ல் அறிவித்தார்கள். இடையே சுமார் 3,000 ஒளியாண்டுதான். ஒரு நாள் இரண்டும் ஒன்றாகிவிடும்.

நுஸ்டார் என்ற எக்ஸ் கதிர் தொலைநோக்கி புதிதாக என்ன செய்தது?

10 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் உள்ள கதிரைக் குவித்துப் படம் எடுக்கும் முதல் விண்வெளித் தொலைநோக்கி அது. 2012-ல் ஏவினார்கள். 79 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை பார்க்கும். இவ்வளவு ஆற்றல் மிக்க கதிர் கண்ணாடியில் உரசிக்கொண்டு போனால்தான் திரும்பும், அதுவும் கொஞ்சமாகத்தான். அதனால் கண்ணாடிக்கும் உணரிக்கும் நடுவே 10 மீட்டர் தேவைப்பட்டது. விண்வெளிக்குப் போன பிறகு ஒரு தண்டை நீட்டி அந்த இடைவெளியை உண்டாக்கினார்கள்.

அதிலும் எதுவும் தெரியாவிட்டால், கருந்துளை இல்லை என்று முடிவு கட்டலாமா?

கூடாது. மார்க்காரியன் 231 என்ற மண்டலத்தில் கருந்துளை இருப்பது உறுதி. ஆனாலும் எக்ஸ் கதிர் குறைவு. வாயுவும் தூசியும் சேர்ந்த கனமான திரைதான் காரணம் என்று பலர் நினைத்திருந்தார்கள். நுஸ்டார் பார்த்தபோது திரை அவ்வளவு கனமாக இல்லை, கருந்துளையே எக்ஸ் கதிரைக் குறைவாகத்தான் விடுகிறது. சுமார் 25 கோடி ஒளியாண்டு தள்ளியுள்ள ஆர்ப் 220 என்ற மண்டலம் இதற்கு நேர் எதிர். அங்கே தூசி அவ்வளவு அடர்த்தி, நுஸ்டாராலும் தீர்த்துச் சொல்ல முடியவில்லை. நட்சத்திரங்கள் மட்டுமே என்றாலும் கணக்கு பொருந்துகிறது, பலமாக மூடிய கருந்துளை என்றாலும் பொருந்துகிறது.