அதிக வெப்பத்தில் உலோகம் மெல்ல நீண்டு விரிசல் விடுவதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

இந்தக் கணக்குதான் என் பிழைப்பு. ஆனால் விஷயத்தை முதலில் பார்த்தது கோத்தகிரியில், எங்கள் ஊர் டீ ஃபேக்டரியில். டிரையருக்குச் சூடான காற்று தரும் விறகு அடுப்பில், விறகைத் தாங்கும் கம்பிகளை மாற்றிக்கொண்டிருந்தார்கள். கழற்றிய கம்பியைத் தரையில் கவிழ்த்துப் போட்டால், நடுவில் அடியே இரண்டு விரல் நுழைந்தது. "பாரம் ஒண்ணும் பெருசா இல்லையேண்ணா?" என்றேன். "சூட்டுல சோந்து போச்சுப்பா" என்றார் அடுப்பு பார்க்கிற அண்ணன். (துரு செதில் செதிலாக உரிந்து மெலிந்ததும் உண்டு, அது தனிக் கதை.)

அந்தச் சோர்வுதான் க்ரீப்: சூட்டில், பாரத்தின் கீழ் உலோகம் மெல்ல மெல்ல நீள்வது. உருகுநிலையைக் கெல்வினில் எடுத்து, அதில் சுமார் 0.4 பங்கைத் தாண்டினால் இது கணக்கில் வந்துவிடும். இரும்புக்கு அது 450 டிகிரி செல்சியஸ் பக்கம். ஈயம் 327 டிகிரியிலேயே உருகுவதால், ஊட்டிக் குளிரில்கூட மெதுவாகத் தொய்யும்.

ஆயுளைச் சட்டென்று மதிப்பிட 1952-இல் வந்த லார்சன்–மில்லர் சூத்திரம் போதும்; வெப்பநிலையையும் உடையும் நேரத்தையும் ஒரே எண்ணாகச் சேர்ப்பது அது. 550 டிகிரியில் ஒரு லட்சம் மணி நேரம் தாங்கும் குழாயை, அதே அழுத்தத்தில் 560 டிகிரியில் ஓட்டினால் ஏறக்குறைய 50,000 மணி நேரம்தான். பத்தே டிகிரி, பாதி ஆயுள் போச்சு.

சேதம் எப்படி வளர்கிறது என்று பார்க்கத்தான் 1958-இல் கச்சனோவ் தந்த யோசனை. உள்ளே படிக எல்லைகளில் நுண்துளைகள் விழ விழ, பாரம் தாங்கும் பரப்பு குறைகிறது. மிச்சப் பரப்பின் மேல் அழுத்தம் ஏறுகிறது. அது இன்னும் துளை போடுகிறது. கடன் வாங்கி வட்டி கட்டுகிற கதை. அழுத்தம் ஏற ஏறச் சேதம் எவ்வளவு வேகமெடுக்கும் என்று சொல்வது அவர் சமன்பாட்டில் உள்ள அடுக்கு. அதை 5 என்று வைத்துப் போட்டுப் பாருங்கள்: பாதி ஆயுளில் சேதம் வெறும் 11 சதவீதம். 90 சதவீத ஆயுள் முடிந்த பிறகும் 32தான். மிச்சம் எல்லாம் கடைசி நேரத்தில். 'இத்தனை வருஷம் ஒன்றும் ஆகவில்லையே' என்று யாராவது சொன்னால் எனக்கு வயிற்றைக் கலக்குவது இதனால்தான்.

விரிசல் விழுந்த பிறகு அதன் முனையில் உலோகம் தளர்ந்து அழுத்தம் இடம் மாறிவிடும். பாரத்தை எடுத்தால் உலோகம் பழைய வடிவுக்குத் திரும்பும் என்று வைத்துப் போடும் வழக்கமான மீள்தன்மைக் கணக்கு அங்கே செல்லாது; முனையைச் சுற்றி க்ரீப் எவ்வளவு தீவிரம் என்று சொல்லும் சி-ஸ்டார் (C*) என்ற அளவை வைத்து வளர்ச்சி வேகத்தைப் போடுவோம். கணினியில் போடும்போது ஒரு பள்ளம் இருக்கிறது, நானும் விழுந்தேன். உலோகத்தை வலை மாதிரிச் சிறு கட்டங்களாகப் பிரித்துத்தான் கணினி கணக்கிடும்; அந்தக் கட்டங்களைப் பாதியாகச் சிறிதாக்கினேன். விரிசல் முன்னைவிடச் சீக்கிரம் ஓடியது! சேதம் முழுக்க ஒற்றை வரிசைக் கட்டங்களில் போய்க் குவிவதுதான் காரணம். சுற்றுப்புறச் சேதத்தையும் சேர்த்துச் சராசரி எடுத்த பிறகுதான் விடை கட்டத்தின் அளவைப் பார்த்து ஆடாமல் நின்றது.